வலியில்லாத நோயைத் தேடி வாசலுக்கு வருகிறார்கள்

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்று கட்டுரை ஏட்டில் ஒரு முறையாவது எழுதாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. ஆனால் நோய் இல்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று அந்தக் கட்டுரையில் நாம் எழுதுவதில்லை. காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுகிறது. பல்லில் சொத்தை விழுந்தால் இரவெல்லாம் தூக்கம் போகிறது. காலில் முள் தைத்தால் அடுத்த அடி வைப்பதற்குள் அறிந்துகொள்கிறோம். நம் வீடுகளில் இரத்தக் கொதிப்பு என்றும் பிரஷர் என்றும் சொல்லப்படும் உயர் இரத்த அழுத்தமோ இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது உடம்பில் குடியேறிப் பத்து ஆண்டுகள் ஆனாலும் பெரும்பாலோருக்கு வலி இல்லை, தலைசுற்றல் இல்லை, பசி குறைவதில்லை. “எனக்கென்ன, கல்லைத் தின்றாலும் செரிக்கும்” என்று சொல்லும் பெரியவருக்கும் அது இருக்கலாம்.

நம் தஞ்சைத் தரணியின் கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு செய்தியை நினைத்துப் பாருங்கள். நேற்று மாலைவரை வரப்பில் நடந்து மடையைத் திருப்பிவிட்டு வந்தவர், இன்று காலையில் எழுந்திருக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணி, கையும் காலும் விழுந்து கிடக்கிறார். பாரிச வாயு வந்துவிட்டது என்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் குளித்ததுதான் காரணம் என்கிறார் ஒருவர். காற்றுப் பட்டுவிட்டது என்கிறார் மற்றொருவர். அவருடைய இரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று கேட்டால், அதை யாரும் அளந்ததே இல்லை என்ற பதில்தான் பல வீடுகளில் கிடைக்கும். பக்கவாதத்துக்கு உள்ள காரணங்களுள் முதன்மையானது உயர் இரத்த அழுத்தமே. மாரடைப்புக்கும் சிறுநீரகம் கெட்டுப் போவதற்கும் அது வழி வகுக்கிறது.

இந்த அழுத்தம் என்பதுதான் என்ன? காவிரிக் கரையில் பிறந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் அது கரையை அழுத்திக்கொண்டுதான் ஓடும். அவ்வழுத்தம் இல்லாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அதுபோல் இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தத்தைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் இவ்வாறு சுற்றி வருகிறது. இதயம் சுருங்கும்போது குழாயின் சுவர் மீது ஏற்படும் அழுத்தத்தை மேல் எண் காட்டுகிறது. இதயம் விரிந்து ஓய்வு கொள்ளும்போது எஞ்சியிருக்கும் அழுத்தத்தைக் கீழ் எண் காட்டுகிறது. 120-க்கு 80 என்று டாக்டர் சீட்டில் எழுதுவது இந்த இரண்டைத்தான். நம் நாட்டில் மருத்துவர்கள் பின்பற்றும் முறைப்படி, மேல் எண் 140 அல்லது அதற்கு மேலாகவோ, கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலாகவோ பல நாட்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டால் அது உயர் இரத்த அழுத்தம் ஆகும். வாய்க்கால் கரை உடைவதற்கு முதல் நாள்வரை பார்ப்பவர் கண்ணுக்குக் கரை நன்றாகத்தான் இருக்கும். குழாய்களும் அப்படித்தான்.

கண்ணுக்குத் தெரியாத இந்த அழுத்தத்தை மனிதன் அளக்கக் கற்றுக்கொண்ட கதை சுவையானது. 1733-ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைச் செருகி, அதில் இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்துத் தம் சோதனைகளை வெளியிட்டார். குதிரைக்கு நேர்ந்ததை மனிதருக்குச் செய்ய இயலுமா? 1896-இல் இத்தாலியின் டூரின் நகரில் ரிவா-ரோச்சி என்ற மருத்துவர், கையைச் சுற்றிக் காற்றுப்பட்டை கட்டிப் பாதரசத்தால் அளக்கும் கருவியை அமைத்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் எழும் ஓசையைக் கொண்டு இரண்டு எண்களையும் அறியலாம் என்று காட்டினார். பாதரசம் நச்சுப் பொருளாகையால் இப்போது அதை விலக்கி, பொத்தானை அமுக்கினால் எண்ணைக் காட்டும் மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தி வருகிறார்கள். கிராமங்களுக்கு எடுத்து வரப்படும் கருவி இதுதான்.

அளக்கத் தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் மிக அதிகம் என்பது அவருடைய மருத்துவர்களுக்குத் தெரியும். உலகப் போரையே நடத்திய அந்தத் தலைவருக்குக் கொடுக்க அன்று சரியான மாத்திரை இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தக் குழாய் வெடித்து அவர் இறந்தார். நான்கே ஆண்டுகளுக்குப் பின், 1949-இல், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று தம் நோயாளிகளிடம் கண்டதை ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். அந்த வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் உலகெங்கும் மருந்தாயிற்று. (இதைப் படித்துவிட்டு யாரும் வேரைத் தேடிக் கொல்லைக்குப் போக வேண்டாம், அளவு தவறினால் அது தீங்கு செய்யும்.) இன்று அதைவிட நல்ல மாத்திரைகள் பல வந்துவிட்டன. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மருந்து நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அப்படியிருந்தும் மக்கள் ஏன் வாங்குவதில்லை?

தமக்கு நோய் இருப்பது தெரியாததால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் 130 கோடிக்கும் மேற்பட்டோருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அதை அறியாமலே நடமாடுகிறார்கள். வலி இருந்தால்தான் நாம் ஆஸ்பத்திரிக்குப் போவோம். தஞ்சை மருத்துவக் கல்லூரி 1959 முதல் இருக்கிறது. ஒரத்தநாட்டிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் நடவு நாளில், உடம்பில் ஒன்றும் இல்லாதபோது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று, “எனக்கு நோய் இருக்கிறதா, பாருங்கள்” என்று யார் கேட்பார்கள்? மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று வேலை துரத்திக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் காலை பத்து மணிக்கு முகாம் போட்டால், அந்நேரம் வயலில் குனிந்து நிற்கும் பெண் எப்படி வருவாள்? இதைக் கவனியாமல், ‘மக்களுக்கு விழிப்புணர்ச்சி இல்லை’ என்று எழுதிவிடுவது எளிது. அது நியாயமன்று என்பது நம் கருத்து.

ஆகையால், வராதவர்களைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் உலகின் சில இடங்களில் தோன்றியது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கிளின்கோர்ரக் என்ற நிலக்கரிச் சுரங்க கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்றொரு டாக்டர் இருந்தார். 1960-களின் இறுதியில் அவர் தம் ஊர்ப் பெரியவர்கள் அனைவருடைய இரத்த அழுத்தத்தையும் அளந்துவிடுவது என்று தீர்மானித்தார். சளி என்று வந்தாலும் சரி, காலில் அடிபட்டு வந்தாலும் சரி, கையில் பட்டையைக் கட்டிவிடுவார். வராதவர்களைத் தேடிச் சென்றார். இருபத்தைந்து ஆண்டுகள் விடாமல் செய்ததன் பலனை 1991-இல் வெளியிட்டபோது, பக்கத்து ஊரைக் காட்டிலும் அவருடைய ஊரில் அகால மரணங்கள் குறைவாக இருந்தன. பெரிய ஆஸ்பத்திரி எதுவும் அங்கே கட்டப்படவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2007-ஆம் ஆண்டு முதல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் அரசு ஒரு முன்னோடித் திட்டத்தை நடத்தியது. முப்பது வயதைக் கடந்தவர் எந்தக் காரணத்துக்காக அரசு மருத்துவமனைக்கு வந்தாலும் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்ப்பது என்ற அம்முறை பின்னர் மாநிலம் முழுதும் பரவியது. நம் தஞ்சை மாவட்டத்திலேயே 2009-இல் ஆலக்குடியில் ‘சுகவாழ்வு’ என்ற பெயரில் ஒரு சிறு கிராம மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டு, பின்பு வேறு சில ஊர்களிலும் அத்தகைய நிலையங்கள் ஏற்பட்டன. உள்ளூர் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து, மிகுதியாக உள்ளவர்களை நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் பயிற்சி பெற்று, கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக வருகிறார்கள். அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நோய் உறுதியானவர்களுக்கு மாதந்தோறும் மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி அளிப்பவரும், படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கும் நர்சும் உடன் இருக்கிறார்கள். 2024-இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது.

விருதைவிட நம்மைச் சிந்திக்க வைப்பது வேறோர் எண். 2020-இல் தமிழகத்தில் எடுக்கப்பட்ட ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் காணப்பட்டது. அப்படிப்பட்ட நூறு பேரில் ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தபோது அந்த ஏழு ஏறத்தாழப் பதினேழு ஆகியிருந்தது. இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது பெரிய காரியந்தான். ஆனால் மீதி எண்பத்து மூன்று பேர்?

அவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் அளந்தே பார்க்காதவர்கள். மற்றொரு பகுதியினரின் கதை வேறு. கருவியில் எண் அதிகம் என்று சொன்னார்கள், சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், அந்தச் சீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விட்டது. அல்லது மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார்கள், மறுபடி பார்த்தபோது 130-க்கு 80 என்று வந்தது, ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்திவிட்டார்கள். மூக்குக் கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அதற்காகக் கண் சரியாகிவிட்டது என்று கண்ணாடியைக் கழற்றி எறிகிறோமா? மாத்திரை உள்ளே இருப்பதால்தான் எண் இறங்கியிருக்கிறது. நிறுத்தினால் சில நாட்களில் பழையபடி ஏறிவிடும். ஏறியது தெரியவும் செய்யாது. தன்னார்வலரின் வேலையில் கடினமான பாதி இங்கேதான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு நாள் பட்டையைக் கட்டி எண் எழுதுவது ஐந்து நிமிட வேலை. வலியே இல்லாத ஒருவரை ஆண்டுக்கணக்காக மாத்திரை சாப்பிடவைப்பது அப்படியன்று.

ஒரே ஒரு முறை பார்த்த எண்ணை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதையும் வீட்டில் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஓடி வந்து உட்கார்ந்தாலும், கோபத்தில் இருந்தாலும், டாக்டரைக் கண்டு படபடத்தாலும் எண் ஏறும். கும்பகோணம் டிகிரி காப்பியை ருசித்துவிட்டு உடனே கையை நீட்டினாலும் ஏறும். காப்பியோ, வெற்றிலையோடு போடும் புகையிலையோ, பீடியோ எதுவாயினும் அரை மணி நேரம் கழிய வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் மேசை மீதோ தலையணை மீதோ இருக்க வேண்டும். பட்டையை ரவிக்கைக் கை மீதும் சட்டை மீதும் சுற்றலாகாது; தோல் மேல் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். இவற்றில் நம் வீடுகளில் நடக்காதது பேசாமல் இருப்பதுதான்! அளப்பவரிடம் ஊர்க்கதை பேசாமல் நம் அப்பாயிகளை ஐந்து நிமிடம் உட்கார வைப்பது எளிதன்று. முதல் முறை அதிகமாக இருந்தால் சற்றுப் பொறுத்து மறுமுறை பார்த்து, பின்னும் வேறொரு நாளில் பார்த்த பிறகே நோய் என்று மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் 180-க்கு 110 என்ற அளவையும் தாண்டிப் போனால் மறுநாளைக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அடுத்து, அடுக்களை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியர் சராசரியாகச் சாப்பிடுவது 8 கிராம் அளவில் என்று 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ‘குழம்பில் நான் உப்பு கம்மியாகத்தான் போடுகிறேன்’ என்று அம்மா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய், அப்பளம், வடகம், நாகப்பட்டினத்துக் கருவாடு இவற்றில் உள்ள உப்பைக் கணக்கில் சேர்ப்பது யார்? 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வேதாரணியத்துக்கு நடந்தது உப்புக்காக. அந்த வழியில் உள்ள ஊர்களில் நின்றுகொண்டு உப்பைக் குறையுங்கள் என்று சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் வயலில் வியர்வை சிந்தி உழைத்த காலத்துச் சாப்பாட்டை, டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகும் அதே உப்போடு சாப்பிட்டு வருகிறோம் என்பதை மறுக்க முடியாது.

மாணவியராகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். சென்னையைச் சேர்ந்த புகழ்பெற்ற சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி அவர்களும் அவரைச் சேர்ந்தோரும் நடத்திய சிறுநீரக உதவி அறக்கட்டளையின் பணியை இங்கே சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் முற்றிலும் கெட்ட பிறகு செய்யும் சிகிச்சைக்கு ஆகும் செலவை ஏழைகளால் தாங்க முடியாது. கெடாமல் தடுப்பதே வழி என்று அவர் கண்டார். 1990-களின் பிற்பகுதியில் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய கிராமங்களில் வீடு வீடாகச் சோதனை நடத்த ஏற்பாடு செய்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது டாக்டர்களை அன்று; பள்ளிப்படிப்புப் படித்த உள்ளூர்ப் பெண்களை. இரத்த அழுத்தம் பார்க்கவும், சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் உண்டா என்று சோதிக்கவும் அப்பெண்கள் கற்றுக்கொண்டார்கள். சர்க்கரையைக் கண்டுபிடிக்க அவர்கள் பயன்படுத்தியது, நம் ஆய்வுக்கூடத்தில் நீல நிறத்தில் நாம் பார்த்துப் பழகிய அதே பெனடிக்ட் கரைசல்தான். சந்தேகத்துக்கு இடமானவர்களை மட்டும் மருத்துவர் பார்த்து, விலை மலிந்த பழைய மருந்துகளைக் கொடுத்தார். மேலே சொன்ன ரெசர்பினும் அவற்றுள் ஒன்று. தலைக்கு ஆன செலவு மிகச் சொற்பம். ஏழை நாடுகளில் இப்படியும் செய்யலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாக அந்தப் பணியைப் பிற நாட்டு மருத்துவ இதழ்களும் வெளியிட்டன.

நம்மில் ஒவ்வொருவரும் கருவி வாங்கிக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. தன்னார்வலர் பகல் வேளையில் நம் தெருவுக்கு வரும்போது வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களுமே. அப்பா வயலில் இருப்பார், அல்லது ஆற்றங்கரை டீக்கடையில் இருப்பார். பெரியப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் இருப்பார். இவ்விருவரும்தான் அளக்கப்படாமல் போகிறவர்கள். தன்னார்வலரிடம் மறுபடி எப்போது வருவார், காலை ஏழு மணிக்கு முன் வர இயலுமா என்று கேட்டு வைப்பதும், அன்றைக்கு அப்பாவை வெளியே போகவிடாமல் நிறுத்தி வைப்பதும் வீட்டுப் பெண்ணால் ஆகும் காரியங்கள். மகள் சொன்னால் கேட்கும் அப்பாக்கள் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு. அளந்த எண்ணையும் தேதியையும் நாட்காட்டியின் அந்தத் தேதித் தாளில் எழுதினால் மறுநாள் கிழிந்து போகும். ரேஷன் அட்டையோடு ஒரு சிறு நோட்டு வைத்து அதில் எழுதலாம். மாத்திரை தீர இன்னும் எத்தனை நாள் என்பதையும் அதே பக்கத்தில் குறித்துவிட்டால், தீர்வதற்கு நான்கு நாள் முன்பே சுகாதார நிலையத்தில் சொல்லிவிடலாம்.